637 விக்கெட்டுகளும் ஆடாத ஒரு டெஸ்டும்

முறியடிக்க முடியாத விளையாட்டுச் சாதனைகள் என்ற பேச்சு எழுந்தால் பிராட்மனின் 99.94 என்னும் சராசரியே முதலில் நினைவுக்கு வரும். இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டிலும் ஏறத்தாழ அதே உறுதியுடன் நிற்கும் எண் ஒன்று உண்டு. ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் ராஜிந்தர் கோயல் வீழ்த்திய 637 விக்கெட்டுகளே அது. பட்டியலில் அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டின் எஸ். வெங்கடராகவன் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் பின்தங்கியிருக்கிறார்.

1942இல் இன்றைய ஹரியானாவின் நர்வானாவில் பிறந்த கோயல், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1958-59 முதல் 1984-85 வரை 27 பருவங்கள்: முதலில் பஞ்சாப் பகுதி அணிகள், பின்னர் தில்லி, இறுதியாக ஹரியானா. முதல்தர ஆட்டங்கள் அனைத்தையும் கூட்டினால் 157 ஆட்டங்களில் 750 விக்கெட்டுகள், சராசரி 18.58. இத்தனைக்கும் அவர் ஒரு டெஸ்டிலும் ஆடியதில்லை. 1964-65இல் இலங்கைக்கு எதிரான அதிகாரபூர்வமற்ற டெஸ்ட் ஒன்றோடு சரி.

தமிழில் 'சாதனை' என்று சொல்லும்போது முயன்று முடித்தல் என்னும் பொருள் முன்நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் அடிப்பொருளோ ஏட்டில் பதிந்து வைத்தல் என்பதுதான். கோயலின் 637க்கு இவ்விரண்டாவது பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது. அவ்வெண் அவர் என்ன செய்தார் என்பதை மட்டுமன்றி, அவருக்கு என்ன செய்யப்படவில்லை என்பதையும் பதிந்து வைத்திருக்கிறது.

அவருடைய துரதிர்ஷ்டத்துக்குப் பிஷன் சிங் பேடி ஒருவரையே காரணமாகக் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். கோயல் களத்துக்கு வந்த காலத்தில் இந்திய அணியின் இடக்கைச் சுழல் பாபு நாட்கர்ணியிடமும் சலீம் துரானியிடமும் இருந்தது. 1966இன் இறுதி நாளில் கல்கத்தாவில் பேடி அறிமுகமானார். 1979 வரை 67 டெஸ்டுகளில் 266 விக்கெட்டுகள் எடுத்தார். கோயலின் வயதுக் கணக்கில் அது 24 முதல் 36 வரை; ஒரு சுழற்பந்து வீச்சாளனின் விளைச்சல் காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பேடி விலகியபோது அந்த இடம் 31 வயதான திலீப் தோஷிக்குச் சென்றது. அவரும் 33 டெஸ்டுகளில் 114 விக்கெட்டுகள் எடுத்துத் தேர்வாளர்களின் முடிவை நியாயப்படுத்தினார். ஆக, கோயலின் இடத்தில் ஆடிய எவரையும் தகுதியற்றவர் என்று சொல்வதற்கில்லை. அநீதி என்று முத்திரை குத்தவும் இயலாத இழப்பு அது.

ஒரேயொரு முறை கதவு திறந்தது. 1974 இங்கிலாந்துப் பயணத்தின்போது அளித்த தொலைக்காட்சிப் பேட்டியை முன்னிட்டுப் பேடிமீது வாரியம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவ்வாண்டு நவம்பரில் பெங்களூரில் தொடங்கிய முதல் டெஸ்டிலிருந்து அவர் விலக்கப்பட, கோயல் அணிக்கு அழைக்கப்பட்டார். விவியன் ரிச்சர்ட்சும் கார்டன் கிரீனிட்ஜும் அறிமுகமான டெஸ்ட் அது. அறிமுகமானோர் வரிசையில் கோயலின் பெயரும் இருந்திருக்க வேண்டும். ஆனால் பட்டோடி தலைமையிலான பதினொருவரில் பிரசன்னா, வெங்கடராகவன், சந்திரசேகர் என்னும் மூன்று வலக்கைச் சுழலரே இடம்பெற்றனர். இந்தியா 267 ஓட்டங்களில் தோற்றது. அடுத்த டெஸ்டுக்குப் பேடி திரும்பிவிட்டார்.

அதே 1974-75 பருவத்தில்தான் பேடி ரஞ்சியில் 64 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு பருவத்தின் மிகுதியான எண்ணிக்கையாக 44 ஆண்டுகள் நின்ற அதனை, 2018-19இல் பீகாரின் அசுதோஷ் அமன் 68 எடுத்துக் கடந்தார். புதிதாகச் சேர்ந்த அணிகளுக்கென ஒதுக்கிய பிரிவில் எடுத்தவை என்பதால் அதை ஒரு படி குறைத்து மதிப்போர் உண்டு. ஆனால் 2024-25இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 எடுத்து அந்த விவாதத்தையே தேவையற்றதாக்கினார். வியப்பு என்னவெனில், பேடி, அமன், துபே மூவருமே இடக்கைச் சுழலர்.

இங்குதான் ஒரு பருவத்தின் சாதனைக்கும் வாழ்நாள் சாதனைக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. முன்னதை முறியடிக்கத் திறமையும் ஒரு நல்ல ஆண்டும் போதும். பின்னதை முறியடிக்க விரும்புபவன், ஆண்டுக்கு 30 விக்கெட்டுகள் வீதம் எடுத்தாலும், 21 ஆண்டுகளுக்கு மேல் ரஞ்சியிலேயே இருக்க வேண்டும். அவ்வளவு திறம் உள்ளவனை இன்றைய அமைப்பு அங்கே விட்டுவைப்பதில்லை. துபேயையே பார்க்கலாம்: 69 விக்கெட்டுகள் எடுத்த சில மாதங்களில் ஐபிஎல் அணியொன்று அவரை அழைத்துக்கொண்டது, இந்திய ஏ அணியிலும் இடம் கிடைத்தது. கோயலை எட்ட வேண்டுமானால் கோயலைப் போலவே புறக்கணிக்கப்படவும் வேண்டும். புறக்கணிக்கப்பட்ட பின்னும் கால் நூற்றாண்டு சலிக்காமல் பந்து வீசவும் வேண்டும்.

அக்காலத்து மட்டையாளர்கள் அவரை மறந்தாரில்லை. சுனில் கவாஸ்கர் தம்மைக் கவர்ந்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய 'ஐடல்ஸ்' நூலில், டெஸ்ட் ஆடாத இருவருக்கு இடமளித்தார். ஒருவர் கோயல்; மற்றவர் பேடியின் நிழலிலேயே காலம் கழித்த இன்னொரு இடக்கைச் சுழலர், பம்பாயின் பத்மாகர் சிவால்கர்.

இவ்விருவருக்கும் வாரியம் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை 2017 மார்ச்சில் ஒரே மேடையில் வழங்கியது. கோயலுக்கு அப்போது வயது 74. விழா நடந்த நகரம் பெங்களூரு. அன்று பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவர் ஃபரூக் எஞ்சினியர். 1974இல் அதே நகரில் கோயல் ஆடாத அந்த டெஸ்டின் விக்கெட் காப்பாளர்.