பத்து நாள் லீக்கில் ஒரு சென்னை அணி

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள பெருநகரமான பெங்களூருக்கும் மாநிலத் தலைநகரான சென்னைக்கும் 2016 ஜூலையில் ஒரே சமயத்தில் தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து அணிகள் வாய்த்தன. பிரீமியர் ஃபுட்சால் என்ற அந்த லீக்கில் மும்பை, கொச்சி, கோவா, கொல்கத்தா ஆகியவற்றோடு மோதிய 'சென்னை ஃபைவ்ஸ்' அணியே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஃபுட்சால் என்பது கோல்காப்பாளர் உட்பட அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து. 1930-இல் உருகுவேயின் மான்டிவிடியோ ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதற்கு விதிகளை வகுத்தபோது, ஆடுகளத்தையும் கோல் கம்பங்களையும் ஹேண்ட்பாலிலிருந்து எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் வளர்ந்த உள்ளரங்கக் கால்பந்தில் களத்தைச் சுற்றிய பலகைச் சுவரில் மோதித் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் சேரும். ஃபுட்சாலில் சுவர் கிடையாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால் ஏறத்தாழ முழங்கால் அளவுக்கே எழும் சிறிய பந்து என்பதால், அது காலடியிலேயே தங்க, வீரர் உள்ளங்காலால் அதை உருட்டித் திருப்பி, எதிராளி நெருங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த நுணுக்கத்தின் உச்சத்தைத் தொட்டவர் எனத் தயங்காமல் சொல்லத்தக்க பிரேசில் வீரர் ஃபல்காவோ, 2008, 2012 உலகக் கோப்பைகளை நாட்டுக்குப் பெற்றுத் தந்த பின்னர், சென்னை அணியின் முதன்மை நட்சத்திரமாக வந்தார். ஏனைய அணிகளுக்கு ரொனால்டினோ, ரயான் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ், ஹெர்னான் கிரெஸ்போ, மிஷெல் சல்காடோ வந்தனர். ஜூலை 15-ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடங்கி, பின்னர் கோவாவுக்கு மாறிய போட்டி 24-ஆம் நாள் முடிந்தது. இறுதியாட்டத்தில் கொச்சியை மும்பை வென்றது.

ஆனால் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்த லீக்கிற்கு அங்கீகாரம் தரவில்லை. கீழ்நிலையில் மாவட்டப் போட்டிகளோ இளையோர் அணிகளோ இன்றி, நட்சத்திரங்களின் பெயரையே முதலாகக் கொண்டு எழுப்பப்பட்டதால், தருமபுரி போன்ற மாவட்டத்துச் சிறுவன் அந்த அணியை எட்டுவதற்குப் படிக்கட்டே இல்லை. அதன் ஆயுட்குறைவுக்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம். 2017-இல் இரண்டாம் பருவத்தில் 'சென்னை சிங்கம்ஸ்' என்ற வேறொரு அணி வந்தது. மூன்றாம் பருவம் நடக்கவேயில்லை.

பின்னர் கூட்டமைப்பே 2021-இல் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. 2023-இல் இந்திய ஃபுட்சால் அணி ஆசியத் தகுதிச்சுற்றில் களம் கண்டது. கீழ்நிலையில் இல்லாத அந்தப் படிக்கட்டைப் பள்ளியிலேயே அமைக்கலாம். ஃபுட்சாலுக்கும் ஹேண்ட்பாலுக்கும் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமுமான ஒரே அளவுக் களம் பொருந்தும் என்பதால், சமதளமான ஹேண்ட்பால் களம் உள்ள பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் ஃபுட்சாலுக்குரிய பந்தை வாங்கி, மாணவ மாணவியரை வாரம் ஒரு மாலையேனும் ஆடவிட வேண்டும்.