மருந்தும் துணைமருந்தும்

பொதிகை மலையிற் பிறந்து, பாபநாசத்தருகே சமவெளியை எட்டி, திருநெல்வேலியைக் கடந்து, புன்னைக்காயலருகே கடலொடு கலப்பது தாமிரபரணி. அதன் கரைகள் நெல்லுக்கும் வாழைக்கும் பேர்பெற்றவை. அகத்தியர் உறையும் இடமெனப் பொதிகையைப் போற்றிய இந்நாட்டு மக்கள், மருத்துவ மரபு ஒன்றையும் பேணி வந்தனர். 1964ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது அம்மரபின் தொடர்ச்சியே எனலாம். அம்மரபில் அடங்கிய ஒரு கருத்தின் வரலாற்றை இங்குக் காண்போம். உண்ட பொருள் வேறு. உடலிற் சேர்ந்த பொருள் வேறு என்பதே அக்கருத்து.

சித்த மருத்துவர் ஒரு சூரணத்தைக் கொடுக்கும்போது, அதனை எதனோடு உண்ண வேண்டும் என்பதையும் சொல்லித் தருவார். தேனா, நெய்யா, பாலா, வெந்நீரா என்பது நோய்க்கேற்ப மாறும். இதற்கு அனுபானம் என்று பெயர். மருந்தோடு சேர்ந்து நின்று அதற்கு வலிமை தரும் பொருளைத் துணைமருந்து என்பர். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் கூடிய திரிகடுகு பல மருந்துகளில் இடம்பெறுகின்றது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்குத் திரிகடுகம் என்றே பெயர் அமைந்தது. அதனை இயற்றிய நல்லாதனார் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர் என்று கூறுவாரும் உளர். அறநூல் ஒன்றுக்கு மருந்தின் பெயரை இட்டனர் என்றால், அம்மருந்து மக்களுக்கு எவ்வளவு பழக்கமானதாய் இருந்திருக்க வேண்டும்!

அக்காலத்தில் நம் நாட்டுச் சமையலில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அச்செடி, போர்த்துக்கீசியர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்குமுன் உணவுக்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியுமே. மிளகாய் என்ற சொல்லிலேயே மிளகு ஒளிந்திருப்பதைக் காணலாம். புதிய காய் வந்த பின்னும் பழைய மிளகு அடுக்களையை விட்டு நீங்கவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் பத்தியக் குழம்பில் மிளகு, திப்பிலி, மஞ்சள், நல்லெண்ணெய் ஆகியவை இன்றும் ஒன்றுகூடுகின்றன.

இனி மேனாட்டு வேதியியலார் செய்ததைப் பார்ப்போம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினை 1815இல் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். மிளகின் காரப்பொருளாகிய பைப்பெரினை 1819இல் பிரித்தவர் ஏர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை அடுத்த ஆண்டில் கண்டறிந்த அதே அறிஞர்தாம் இவர். ஆயினும் இவ்விரு பொருள்களுக்கும் உள்ள உறவு புலப்பட நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உயிரணுக்களில் ஆக்சிஜன் வினைபுரியும்போது சில தீவிரமான மூலக்கூறுகள் தோன்றிக் கேடு விளைவிக்கக்கூடும். அக்கேட்டைத் தடுக்கும் பொருள்கள் செடிகொடிகளில் பலவுண்டு. குர்குமினும் அவற்றுள் ஒன்று. ஆனால் அது நீரில் எளிதிற் கரையாது. குடலிற் புகும் சிறிதளவையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு பொருளோடு பிணைத்து விரைவில் வெளியேற்றிவிடுகின்றன. எனவே, வாய்வழி உண்டதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை அடைகின்றது.

சம்மு நகரின் வட்டார ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள், திரிகடுகும் திப்பிலியும் பிற மருந்துகள் இரத்தத்திற் சேர்வதை மிகுவிக்கின்றன என்று 1981இல் வெளியிட்டனர். அவர்கள் விலங்குகளில் சோதித்தவற்றுள் ஆடாதோடையின் சத்தும் ஒன்று. 1998இல் பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் மஞ்சளின் முறை வந்தது. ஒரு சிலருக்கு 2 கிராம் குர்குமினைத் தனியே கொடுத்தபோது, இரத்தத்தில் அது காண்பதற்கே அரிதாயிருந்தது. அதனோடு 20 மில்லிகிராம் பைப்பெரினைச் சேர்த்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. குர்குமினைப் பிணைத்து வெளியேற்றும் வினையைப் பைப்பெரின் தாமதப்படுத்துவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. எண்ணெய்க்கும் இதில் ஒரு பங்குண்டு. குர்குமினும், முருங்கைக் கீரையிலுள்ள கரோட்டினும் கொழுப்பிற் கரைபவை. ஆதலின் கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளிப்பது சுவைக்காக மட்டுமன்று.

நம் முன்னோர் இவையனைத்தையும் அறிந்தே செய்தனர் என்று சொல்லிவிடலாமா? அது முறையாகாது. அவர்கள் குர்குமினையும் அறியார்; கல்லீரலில் நிகழும் வினையையும் அறியார். துணைப்பொருள் மருந்தின் பயனை மாற்றும் என்பதை அனுபவத்தால் அறிந்தனர், அவ்வளவே. அது சிறிய அறிவன்று.

இங்கே ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். மிளகின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு பைப்பெரின் எனக் கொண்டால், 20 மில்லிகிராமுக்குப் பத்து மிளகு போதும். மஞ்சளிலோ குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவே. ஆகவே 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். எந்தக் குழம்பு இதைத் தாங்கும்? ஆய்வுக்கூட அளவும் அடுக்களை அளவும் ஒன்றல்ல. மேலும், குர்குமின் இரத்தத்தில் மிகுந்தது என்பதனால் நோய் தீர்ந்தது என்று பொருளாகாது.

துணைப்பொருளின் வலிமை மற்றொரு வழியிலும் வேலை செய்யும். வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பெரின் இரத்தத்தில் உயர்த்தக்கூடும். மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேரக்கூடும் என்று ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. மிகுதியான அளவிலும், உடலில் மிகுதியாகச் சேருமாறு செய்யப்பெற்ற மாத்திரைகளிலும் அந்த ஆபத்து கூடலாம் என்றும், உணவில் வழக்கமாய்ச் சேரும் மஞ்சளுக்கு இவ்வெச்சரிக்கை பொருந்தாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

மரபு நமக்குத் துணையைக் காட்டியது. ஆய்வுக்கூடம் அத்துணை செயற்படும் வழியைக் காட்டியது. இரண்டும் ஒருங்கே வற்புறுத்துவது அளவு. மருந்தின் பெயரோடு அனுபானத்தையும் அளவையும் சேர்த்தே சொன்ன பழைய மருத்துவரின் முறையை மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. ஒரு பொருள் நல்லது என்று கேள்விப்பட்டால், எதனோடு, எவ்வளவு, யாருக்கு என்று அடுத்துக் கேட்பதே அறிவுடைமை.