உவர் இழந்த காயல்: வேளி–ஆக்குளத்தின் இருநூறு ஆண்டுகள்

பழைய திருவிதாங்கூரின் தென்கரையில் ‘பொழி’ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ஆறோ காயலோ கடலைத் தொடுமிடத்தில், அலை குவிக்கும் மணல்திட்டால் சில மாதங்கள் அடைபட்டும் சில மாதங்கள் திறந்தும் கிடக்கும் வாய் அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பொழிக்கரை என்ற ஊர்ப்பெயரிலும், திருவனந்தபுரத்து வேளி மீனவரின் மலையாளத்திலும் இருப்பது ஒரே சொல்தான். உள்ளே ஏறிவரும் உப்புநீரை மலையாளம் ‘ஓரு’ என்கிறது. தமிழின் ‘உவர்’ திரிந்து நின்ற வடிவம் அது. வேளி–ஆக்குளம் காயலின் சூழலியல் ஏறக்குறைய இவ்விரு சொற்களுக்குள் அடங்கியிருந்தது.

மழை குறைந்த மாதங்களில் ஓடைகள் மெலியும். மணல் வாயை அடைக்கும். பருவமழை வந்ததும் ஆமையிழஞ்சான், பட்டம், உள்ளூர்த் தோடுகள் நகரின் மேட்டுநிலங்களிலிருந்து நீரைக் கொண்டுவந்து நிரப்ப, பொழி தானே உடையும். சில வேளை மக்கள் வெட்டிவிடுவர். வெள்ளம் வடிந்தபின் ஓதத்துடன் கடல் உள்ளே வரும். கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் அவ்வழியே நுழைந்து, காயலின் சேற்றில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படியே. கரிமீன் மட்டும் காயலிலேயே பிறந்து வாழும். கரையோரச் சதுப்பில் கண்டல் மரங்கள் நின்றன. எப்போதும் உப்பாகவோ எப்போதும் நன்னீராகவோ இராமல் மாறிக்கொண்டேயிருந்ததுதான் இக்காயலின் வளம்.

முதல் பெரிய தலையீடு கௌரி பார்வதி பாயி ஆட்சிக்காலத்தில் (1815–1829) நிகழ்ந்தது. வள்ளக்கடவிலிருந்து வடக்கே வேளி வழியாகக் கடினங்குளம் காயலை எட்டும் பார்வதி புத்தனாறு அப்போது வெட்டப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வர்க்கலைச் சுரங்கங்கள் திறந்ததும் தலைநகரின் சரக்கு வடக்கே படகிலேயே செல்ல முடிந்தது. இக்கால்வாயைச் சீரழிவின் தொடக்கமாகச் சொல்வது எளிது. அது சரியன்று. படகு ஓடும்வரை கால்வாயைத் தூர்வார வேண்டிய தேவை அரசுக்கே இருந்தது. கொல்லத்திலிருந்து 1918-இல் இரயில் வந்தது. 1931-இல் அது தம்பானூர்வரை நீண்டது. பின்னர்ச் சாலையும் சேர்ந்துகொள்ள, படகு மறைந்தது. படகோடு அத்தேவையும் மறைந்தது.

அதிகம் பேசப்படாத மாற்றம் ஒன்று 1933-இல் வந்தது. கரமனையாற்றின் நீர் அருவிக்கரையிலிருந்து குழாய் வழியாக நகருக்குள் வரத் தொடங்கியது. கரமனையாறு இக்காயலில் கலப்பதில்லை. தெற்கே தனியாகக் கடலடையும். ஆனால் அந்த ஆற்றுநீரின் ஒரு பங்கு வீடுகளில் குளித்தும் கழுவியும் முடிந்தபின், கோடையிலும் நிற்காமல், தோடுகள் வழியே ஆக்குளத்தை அடைந்தது. நகரம் பெருகப் பெருக அந்த வரத்தும் பெருகியது. மழைக்காலம், வறட்சிக்காலம் என்ற முறை குலைந்தது. அழுக்கு நீரேயாயினும் உப்பற்ற நீர். காயலின் அழிவைக் குப்பையின் கதையாகவும் ஆக்கிரமிப்பின் கதையாகவும் மட்டும் எழுதுவோர் இந்த நீர்க்கணக்கை விட்டுவிடுகின்றனர்.

இதற்குச் சான்று நீர்ப்பரப்பிலேயே மிதக்கிறது. மலையாளத்தில் குளவாழை, தமிழில் ஆகாயத்தாமரை எனப்படும் தென்னமெரிக்கச் செடி உப்பைத் தாங்காது. கடல்நீர் தாராளமாகப் புகுந்தால் அழுகிவிடும். ஆக்குளத்தில் அது பச்சைக் கம்பளமாக விரிந்திருப்பதன் பொருள், அங்கே ஓரு தோற்றுவிட்டது என்பதே. அழுக்கு அதற்கு உரம். கம்பளத்தின் அடியில் ஒளியும் உயிர்வளியும் குறைய, சேறு மட்டும் உயர்கிறது. கண்டல் இன்று சிதறிய எச்சமாக நிற்கிறது.

முட்டத்தறையில் நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறது. எனினும் தோடுகள் சாக்கடைகளாகவே தொடர்கின்றன. 2024 ஜூலையில், தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. ஆமை இன்று அத்தோட்டின் பெயரில் மட்டும் இருக்கிறது.

செடியை அகற்றவும் சேற்றை அள்ளவும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. வேளிப் பொழியையும் இப்போது இயந்திரம்தான் வெட்டுகிறது, பெரும்பாலும் வெள்ளம் வீடுகளை நெருங்கும்போது. உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுவதே அதன் நோக்கம். கடலை உள்ளே அழைப்பதன்று.