செமன்

செமன்: இலங்கைத் தமிழில் டின்னில் அடைத்த மீனுக்கு வழங்கும் பெயர், டின் மீன் என்பதும் இதுவே. சிங்களத்திலும் ஏறத்தாழ இதே வடிவில் வழங்குகிறது.

வகை: பெயர் சால்மன் மீனைக் குறித்தாலும், டின்னில் பெரும்பாலும் இருப்பது ஸ்கோம்பர் இன மீனோ, பாரைக் குடும்பத்து டிராகுரஸ் இன மீனோதான். சால்மன் குளிர்நீர் மீன். இலங்கைக் கடலில் இயல்பாக வாழ்வதில்லை.

பெயர் வரலாறு: பழைய ஆங்கிலத்தில் சால்மனின் பெயர் ‘லெயாக்ஸ்’, ஜெர்மன் ‘லாக்ஸ்’ இதன் இனச்சொல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், லத்தீன் ‘சால்மோ’வின் வழிவந்த பிரெஞ்சுச் சொல் ‘சாமூன்’ போன்ற வடிவங்களில் இடைக்கால ஆங்கிலத்தில் நிலைபெற்றது; பழஞ்சொல் வழக்கொழிந்தது. பின்னர் லத்தீனைப் பின்பற்றி எழுத்தில் லகரம் சேர்க்கப்பட்டது. ஆங்கில உச்சரிப்பில் அது ஒலிப்பதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வழிவந்த ‘செமன்’ என்பதிலும் லகரம் இல்லை.

பயன்பாடு: 425 கிராம் டின் பரவலானது. குளிரூட்டாமல் நெடுநாள் வைக்கலாம் என்பதால் கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்ட போன்ற, கடலிலிருந்து தொலைவிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டப் பகுதிகளுக்கு ஏற்றது. வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் குழம்பாக வைப்பர். முள்ளை நீக்கி, அவித்த உருளைக்கிழங்குடன் பிசைந்து கட்லட் செய்வர்.