நந்தி மலையும் புங்குடுதீவும்: இரண்டு சைக்கிள் வழிகள்

பெங்களூரின் வார இறுதி சைக்கிள்காரர்களிடம் "நாளைக்கு எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் "நந்தி" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். யாழ்ப்பாணத்தில் அதே கேள்விக்குச் சந்தை, பள்ளிக்கூடம், கோயில், ரியூசன் என்று நாலு பதில் வரும். பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குப் போகும் வழியையும், யாழ் நகரத்திலிருந்து தீவுகளைக் கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஒன்று மலை, மற்றது கடல் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும் வேறுபாடு. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அந்தச் சாலையில் கூட யார் போகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நந்தி, நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். உச்சி 1,478 மீட்டர் உயரம். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருப்பதால், அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியது ஏறக்குறைய 450 மீட்டர்தான். எட்டு கிலோமீட்டருக்குள் அது முடிந்துவிடும். பந்தயக்காரர்கள் அரை மணிக்குள் ஏறிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வளைவுகளில் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வு குறைவு. அது தெரிந்தவர்கள், எதிரே வண்டி இல்லையென்றால் வெளிப்பக்கமாக விலகி ஒரு மூச்சு சேமிப்பார்கள். கடைசிக் கிலோமீட்டரில் அந்தச் சலுகையும் கிடையாது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் இருப்பதிலேயே பெரியது என்று போட்ட பிறகும் எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும்.

ஆனால் இந்த வழியின் உண்மையான சோதனை ஏற்றத்தில் இல்லை, அதற்கு முந்தைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது. 2008-இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தது முதல் ஹெப்பாளுக்கு வடக்கே போகும் சாலை இரவு பகல் ஓய்வதில்லை. அதனால் விடிவதற்கு வெகு முன்பே, பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க, மேம்பாலத்துக்கு அடியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிக் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். காலைக் குளிர் பிடிக்கும் என்பதற்காக யாரும் நாலு மணிக்கு எழுவதில்லை. லாரிக்கும் டாக்ஸிக்கும் முந்திக்கொள்ள எழுகிறார்கள். திப்பு பிறந்த தேவனஹள்ளிக் கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, திராட்சைப் பந்தல்கள் வந்த பிறகுதான் முன்னால் போகிறவரிடம் ஒரு வார்த்தை பேச முடிகிறது. அடிவாரத்து போகநந்தீசுவரர் கோயில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, சோழர் காலப் பணியும் உள்ளது. கடிகாரத்தைப் பார்த்து மிதிக்கிறவர்கள் அங்கே நிற்பதில்லை. வேலூர் பக்கம் போகும் பாலாறும், கடலூரில் கடலைச் சேரும் தென்பெண்ணையும் இந்த மலைப்பகுதியில்தான் பிறக்கின்றன. தமிழ் நாட்டுக்காரர் ஒருவர் அங்கே அரை மணி உட்கார அதுவே போதுமான காரணம்.

யாழ்ப்பாண வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கோட்டையைக் கடந்ததும் பண்ணைத் தாம்போதி. கடலை மேவிப் போட்ட சாலை அது. இரு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர், மீனவர் நட்ட கம்புகள், கம்புக்கு ஒன்றாகப் பறவை. பிறகு டச்சுக்காரர் லைடன் என்று பேர் வைத்த வேலணை, இன்னொரு நீண்ட தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் துறை. எல்லாம் சேர்ந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். இங்கே மலைக்குப் பதில் காற்று. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கத் தொடங்கினால், போகும் வழி முழுக்க அது நெஞ்சில்தான் மோதும். மலையின் சாய்வு நேற்றும் இன்றும் ஒன்றே. காற்று அப்படியல்ல, தாம்போதியின் நடுவில் ஒதுங்க ஒரு பனையும் இல்லை. நந்தியில் பட்ட கடனை இறக்கம் அடைப்பதுபோல, திரும்பும்போது சோளகமே முதுகில் கை வைத்துத் தள்ளும்.

அந்தச் சாலையில் வெளியூர்ச் சைக்கிள்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரியரில் மீன்பெட்டி கட்டியவரும், வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகளும், சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிய அம்மாவும் அதே வேகத்தில் உழக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வரும் பஸ்காரருக்கு சைக்கிளோடு சாலையைப் பங்கு போடத் தெரியும்.

இந்தப் பழக்கம் இன்பமாக வந்ததல்ல. 1990-இல் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, பேட்டரியும் தடைப் பொருள். நோயாளியும் விறகும் மணப்பெண்ணும் சைக்கிளில் போனார்கள். வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து மற்றவர்கள் வானொலியில் செய்தி கேட்டார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், சோவியத் எண்ணெய் நின்றுபோன கியூபாவும் சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள் இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு கரீபியன் தீவும் ஒரு தமிழ்க் குடாநாடும் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே வண்டியில் ஏறின. 2022-இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இலங்கை முழுதும் சைக்கிளுக்கு அலைந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது பழகிய பாடம்.

தீவுச் சாலையின் அமைதியைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. புங்குடுதீவில் ஓடு சரிந்த, முற்றத்தில் மரம் முளைத்த பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. போர்க்காலத்தில் கிளம்பியவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டார்கள். ஆட்கள் போனதால் வந்த அமைதி அது. பெங்களூர் இரைச்சல் ஆட்கள் வந்ததால் ஆனது. ஆகவே வெறிச்சோடிய சாலையைக் காட்டி இதுதான் நல்ல சைக்கிள் நாடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான் மெச்சுவது, மிஞ்சியிருப்பவர்கள் இன்னும் சைக்கிளில் போகிறார்கள் என்பதை.

பெங்களூரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எச்ஏஎல், ஐடிஐ, எச்எம்டி ஆலைகளுக்கு ஷிப்டு நேரத்தில் தொழிலாளர்கள் சைக்கிளில் சாரி சாரியாகப் போனார்கள். இன்று அந்த நகரத்தில் சைக்கிள் விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியில் முடிக்கும் பிரவே ஓட்டங்களுக்கு ஆள் சேர்கிறது. அது நல்லதுதான், எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் 2020-இல் வெளிவட்டச் சாலையில் போட்ட தற்காலிக சைக்கிள் தடம் நிலைக்கவில்லை. லட்ச ரூபாய் வண்டி ஓட்டுகிறவர் விடியலில் தப்பித்துப் போய்விடலாம். எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் காவலாளிக்கு அந்த வழி இல்லை. அவர் நிம்மதியாகப் போகும் சாலையில்தான் நந்திக்குப் போகிறவரும் ஆறு மணிக்கு, வெளிச்சம் பார்த்துக் கிளம்ப முடியும். ஏற்றம் என்று பார்த்தால் நந்திக்கு ஈடு தீவில் இல்லை. பயணம் என்று பார்த்தால், வீட்டு வாசலிலிருந்து கடைசித் துறை வரை ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்கில் சேரும் தீவு வழிக்கே என் வாக்கு.

நந்திக்குப் பழகிய கால்கள் அங்கே போவதென்றால் சொந்த வண்டியைக் கட்டிச் சுமக்க வேண்டாம். யாழ் நகரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கியர் இல்லாத வண்டி போதும். சோளகம் தொடங்காத மாசி, பங்குனி தோதான காலம். குறிகட்டுவானில் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு நயினாதீவுக்குப் படகேறி நாகபூசணி அம்மனைப் பார்த்து வரலாம். தண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தாம்போதியில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது.