விலங்கும் உழைப்பும்: பராமரிப்பிற் பிணைத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அறிவுசார் குறைபாடுடையோரைக் கயிற்றாலோ சங்கிலியாலோ பிணைத்து வைத்தல் பெரும்பாலும் குடும்பத்தாரின் இரக்கமின்மையாகவோ அறியாமையாகவோ விளக்கப்பட்டு வருகின்றது. இவ்விளக்கம் போதாதென்பது நமது கருத்து. பராமரிப்பு என்னும் உழைப்பை யார் செய்வது, அதன் செலவை யார் ஏற்பது என்னும் வினாக்களிலிருந்து பிணைத்தலின் வரலாற்றைப் பிரித்தல் இயலாது.

இங்கிலாந்தின் லிங்கன் காப்பகத்தில் 1838 இல் ரொபேட் கார்டினர் ஹில்லும், வறியோருக்கான ஹன்வெல் காப்பகத்தில் 1839 முதல் ஜோன் கொனலியும் விலங்குகளை ஒழித்தனர். இது மனிதாபிமானத்தின் வெற்றியென்று போற்றப்படுவதுண்டு. ஆயின், இரவும் பகலும் கண்காணிக்கப் போதிய பணியாளர் வேண்டுமென்பதை ஹில் அடிப்படை நிபந்தனையாக வைத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இரும்பின் இடத்தை மனித உழைப்பே நிரப்பிற்று.

காலனித்துவம் நமது நாடுகளுக்குச் சட்டத்தைக் கொணர்ந்தது; அவ்வுழைப்பைக் கொணரவில்லை. இலங்கையில் 1873 இன் சட்டம் அடைத்து வைப்பதற்கான நடைமுறையை வகுத்தது. இந்தியாவின் 1912 ஆம் ஆண்டுச் சட்டமோ அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒரே வரைவிலக்கணத்துள் அடக்கியது. மருந்தன்றிக் கல்வியும் துணையும் வேண்டியோர் இவ்வாறு நோயாளராக எண்ணப்பட்டனர்.

இதன் கொடிய விளைவொன்றை ஏர்வாடியிற் காண்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலாது போக, 28 பேர் மாண்டனர். அதன்பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுதலை முற்றாகத் தடுத்தது. எனினும் அச்சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயினின்றும் விலக்கியே வரையறுக்கின்றது. வீட்டுத் தூணிற் கட்டப்பட்ட பிள்ளையை அத்தடை நேரே சென்றடைவதில்லை.

இப்பின்னணியில் வன்னியை நோக்குவோம். பாட்டி, பெரியம்மா, அயலவர் எனப் பலர் கூலியின்றிப் பகிர்ந்துகொண்ட கண்காணிப்பே இங்கு அரசின் குறையை ஈடுசெய்தது. 2009 இல் முடிவுற்ற போர் அந்த உறவுவலையைச் சிதைத்தது. ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீண்டோரிற் பலர் உறவினரை இழந்தே மீண்டனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பெருகின. நாட்கூலிக்குச் செல்லும் தாய், கிணறும் குளமும் பெருவீதியும் சூழ்ந்த ஊரில், வளர்ந்த மகனை யாரிடம் ஒப்படைப்பாள்? அவள் கையிலுள்ள கயிறு வெறுப்பின் சின்னமன்று. பகிர்வதற்கு எவருமில்லாத உழைப்பின் சின்னமாகும்.

இது கயிற்றை நியாயப்படுத்துவதாகாது. கட்டப்பட்டவனின் தோல் புண்ணாகின்றது, தசை மெலிகின்றது, பேச்சும் பழக்கமும் குன்றுகின்றன. தாயின் வறுமைக்கு மகனின் உடல் விலை கொடுக்கின்றது. தாயைத் தண்டிப்பதால் இவ்விலை குறையப்போவதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. அவ்வுறுதி வன்னியில் பொருள்பெற வேண்டுமாயின், பிரதேச செயலகப் பிரிவுதோறும் பகற்பராமரிப்பு நிலையமும், ஊதியம் பெறும் பயிற்சியுற்ற பணியாளரும், பராமரிக்கும் தாய்க்கு வாழ்க்கைப்படியும் வேண்டும். பராமரிப்பைச் சமூக உழைப்பாக ஏற்காத அரசு, விலங்கைச் சட்டத்தில் ஒழித்துவிட்டு வீட்டில் விட்டுவைக்கின்றது.