ஆர்க் அடையாளக் குறியும் அதனை ஆக்கித் தரும் மேகச் சேவையும்

ஆர்க் என்பது ஆவணக் காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சிச் சாலைகள் முதலிய ஸ்தாபனங்களின் வசமுள்ள ஒவ்வொரு பொருளுக்கும், அது அரசாங்கக் கடிதமாயினும் கையெழுத்துப் பிரதியாயினும் புகைப்படமாயினும், வேறெதற்கும் உரியதாகாத ஒரு பெயரை நிரந்தரமாக அளிப்பதற்கென்று வகுக்கப்பட்ட அடையாளக் குறி முறையாகும். ‘ஆர்க்கைவல் ரிசோர்ஸ் கீ’ என்னும் தொடரின் சுருக்கமே ஆர்க். இக்குறிகளை ஆக்கித் தரும் வேலையை, தனக்கென்று ஒரு வழங்கிக் கணினியைக்கூட வைத்துக்கொள்ளாத சிறிய காப்பகமும், மேகக் கணினிச் சேவையின் துணைகொண்டு இக்காலத்தில் நடத்திவிட முடிகிறது.

தோற்றம்

வலையில் வழங்கும் முகவரி ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, அது இன்ன பொருள் என்பதைச் சொல்வதில்லை. ஆகையால் கணினி மாறினாலும், நிர்வாகம் மாறினாலும், துறையின் பெயர் மாறினாலும் பழைய முகவரி பயனற்றுப்போய், அதனை நம்பி எழுதப்பட்ட மேற்கோள்களெல்லாம் ஆதாரம் இழந்து நிற்கும். இக்குறையை நீக்க 1995-இல் ஓசிஎல்சி என்னும் நூலகக் கூட்டமைப்பு நிலைத்த முகவரி முறை ஒன்றை வெளியிட்டது; ராபர்ட் கான் தலைமையில் உருவான ஹேண்டில் முறையும், அதன்மேல் எழுந்த டிஓஐ முறையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் உலகில் நிலைபெற்றன. ஆர்க் முறை 2001-இல் அறிமுகமாயிற்று. ஜான் குன்ஸ் என்பாரும் ராஜர்ஸ் என்பாரும் அதன் இலக்கணத்தை எழுதினர். கலிபோர்னியா டிஜிட்டல் நூலகம் அதனைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்தது. குறி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்காமையும், பொருளைப்பற்றிய விவரங்கள் முழுமை பெறுவதற்கு முன்பே பெயரிட இடம் கொடுப்பதும் இம்முறையின் விசேஷங்கள்; பொருள் மிகுந்தும் பணம் குறைந்தும் இருக்கும் காப்பகங்களுக்கு இவை இரண்டும் பெரிய உபகாரமாயின.

அமைப்பு

குறியின் முதலில் ‘ஆர்க்’ என்னும் முத்திரைச் சொல்லும், அடுத்துப் பெயரிடும் ஸ்தாபனத்தின் எண்ணும், அதன்பின் அந்த ஸ்தாபனம் பொருளுக்கு இட்ட பெயரும் வரும். ஸ்தாபன எண் பெரும்பாலும் ஐந்து இலக்கமுடையது: பிரான்ஸ் தேசிய நூலகத்துக்கு 12148, பிரிட்டிஷ் நூலகத்துக்கு 81055, இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு 13960. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றப்பட்டுள்ள பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் விவரப் பக்கத்திலும் இந்த 13960-ஐக் காணலாம். ஒரு முறை ஒரு ஸ்தாபனத்துக்கு வழங்கப்பட்ட எண் பிறகு வேறொன்றுக்கு மறுபடி வழங்கப்படுவதில்லை.

பொருளின் பெயருக்குப் பின்னே சாய்கோடிட்டு அதன் உட்பகுதியையும், புள்ளியிட்டு அதன் வேறு வடிவத்தையும் குறிக்கலாம். இடையில் வரும் சிறுகோடுகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதால், அச்சில் வரி முடியுமிடத்தில் குறி உடைந்தாலும் பழுதில்லை. குறியின் இறுதியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துக் கேட்டால், பொருளுக்குப் பதிலாக அதனைப்பற்றிய விவரம் கிடைக்கவேண்டும் என்பதும் இம்முறையின் தொடக்கக்கால விதிகளுள் ஒன்று.

எழுத்துத் தேர்வும் சோதனை இலக்கமும்

நல்ல குறி எந்த அர்த்தத்தையும் தாங்கியிருக்கலாகாது என்பது இத்துறையினரின் கொள்கை. துறையின் பெயரையோ ஆண்டையோ குறிக்குள் புகுத்தினால், பிற்காலத்தில் அத்துறை கலைக்கப்படும்போதும், ஆண்டு தவறென்று தெரியவரும்போதும், குறியை மாற்றவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எழும். ஆதலால் கலிபோர்னியா டிஜிட்டல் நூலகத்தில் உருவான ‘நாய்ட்’ என்னும் குறி ஆக்கும் மென்பொருள் 29 வடிவங்களை மட்டும் தேர்ந்துகொண்டது: பத்து இலக்கங்களும், ரோமன் நெடுங்கணக்கில் 19 மெய்யெழுத்துக்களும். உயிரெழுத்துக்களை விலக்கியதால் தற்செயலாகச் சொற்கள், அதிலும் தகாத சொற்கள், அமைவதற்கு வழியில்லை; ஒன்று என்னும் இலக்கத்தோடு மயங்கும் ‘எல்’ எழுத்தும் விலக்கப்பட்டது. இவ்வடிவங்களால் ஆறு இடங்களை நிரப்பினால் 59 கோடியே 48 லட்சத்து 23 ஆயிரத்து 321 வெவ்வேறு பெயர்கள் கிடைக்கும்.

29 பகா எண்ணாயிருப்பதால் ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் மதிப்பையும் அது நிற்கும் இடத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்டி, 29-ஆல் வகுத்து, மீதிக்குரிய வடிவத்தைக் குறியின் இறுதியில் சோதனை இலக்கமாகச் சேர்ப்பர். ஸ்தாபன எண்ணையும் சேர்த்தே கணக்கிடுவது வழக்கமெனினும், எளிமைக்காக 4072 என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், 4, 0, 21, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 33, மீதி 4, எனவே 40724 என்பது முழுக் குறியாகும். பிரதி செய்பவர் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களையும் இடம்மாற்றி 4702 என்று எழுதிவிட்டால் மீதி 26 ஆகிவிடும். பிழை உடனே வெளிப்படும். ஓர் எழுத்து தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம்மாறினாலும் இக்கணக்கு தப்பாமல் காட்டிக்கொடுக்கும்.

வழங்கியற்ற மேகச் சேவை

காப்பகத்தில் குறிகளின் தேவை சீரானதன்று. ஒரு துறையின் கோப்புகள் வந்து சேரும் நாளில் பல்லாயிரம் குறிகள் வேண்டியிருக்கும். பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் வேண்டியிராது. இந்த நிலையில் இரவும் பகலும் ஒரு வழங்கியை இயக்கிக்கொண்டிருப்பது வீண்செலவு. அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் அறிவித்த லாம்டா போன்ற சேவைகளில், கோரிக்கை வரும்போது மட்டுமே நிரல் எழுந்து, வேலையை முடித்து, அடங்கிவிடுகிறது. ஓடிய நேரத்துக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கும் மட்டுமே கட்டணம். கணினி இல்லாமலில்லை; அதனைப் பராமரிக்கும் பொறுப்பு காப்பகத்தின் தலையில் இல்லை என்பதே வேறுபாடு.

ஆயினும் இத்தகைய நிரலுக்கு ஞாபகம் கிடையாது. இறுதியாக வழங்கிய எண் எதுவென்பதைக் காட்டும் எண்ணியை அது வெளியே ஒரு தரவுத்தளத்தில் வைத்தாகவேண்டும். ஒரே கணத்தில் எழுந்த இரண்டு நிரல்கள் இரண்டும் 500 என்று வாசித்து, இரண்டும் 501 என்று எழுதினால், இரண்டு ஆவணங்களுக்கு ஒரே பெயர் அமைந்துவிடும். இவ்வபாயத்தைத் தவிர்க்க, வாசித்தலும் கூட்டுதலும் எழுதுதலும் பிரிக்கமுடியாத ஒரே செயலாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே நிகழவேண்டும். அல்லது ‘இக்குறி ஏட்டில் இல்லையாயின் மட்டுமே பதிக’ என்னும் நிபந்தனையோடு எழுதவேண்டும். டைனமோடிபி போன்ற தளங்கள் இவ்விரண்டுக்கும் வசதி தருகின்றன. பெருந்தொகையாகக் குறிகள் வேண்டும்போது, எண்ணியை ஒரே தடவையில் ஆயிரம் கூட்டி, அந்த ஆயிரத்தையும் ஒரு கோரிக்கைக்கே ஒதுக்கிவிடலாம்.

விடை வழியில் தொலைந்து, கேட்டவர் மறுபடி கேட்பதும் உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாளம் இட்டுப் பதிந்துவைத்தால், இரண்டாம் முறையும் முன்னர் தந்த குறியையே தரமுடியும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் இடையிடையே சில எண்கள் வழங்கப்படாமலே போகக்கூடும், அதனால் கேடில்லை. விடுபட்ட எண்ணைக் காப்பகம் பொறுக்கும். இருமுறை வழங்கிய எண்ணைப் பொறாது.

எண்ணியே தேவையில்லாத வழியும் ஒன்றுண்டு. யுயுஐடி என்னும் 128 பிட் குறியின் நான்காம் வகையில் 122 பிட்டுகள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால், இரண்டு குறிகள் ஒன்றாய் அமைவது ஏறக்குறைய அசாத்தியம். ஆனால் அது 36 எழுத்துகள் நீளமுடையது. சோதனை இலக்கமும் இல்லாதது. இயந்திரங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ள அது போதும்; ஆராய்ச்சி மாணவர் கையால் எழுதி அடிக்குறிப்பில் சேர்ப்பதற்கு நாய்ட் குறியே ஏற்றது.

நிலைபேறு

குறியைப் பெற்ற வாசகரைப் பொருளிடம் சேர்ப்பது, என்டுடி என்னும் பொது வழிகாட்டிச் சேவையோ, அந்தந்த ஸ்தாபனத்தின் சொந்த வழிகாட்டியோ ஆகும். குறியைத் தற்போதைய முகவரியோடு இணைக்கும் ஏடு அவ்வப்போது திருத்தப்படாவிட்டால், எத்தனை நேர்த்தியான குறியும் வெற்றெழுத்தாகிவிடும். ஆகவே நிலைபேறு என்னும் குணம் எழுத்துச் சரத்தில் இல்லை. அதனைக் காப்பேன் என்று ஸ்தாபனம் ஏற்கும் பொறுப்பிலேயே இருக்கிறது. மேகச் சேவையைப் பயன்படுத்தும் காப்பகம், தன் ஏட்டின் முழுப் பிரதியையும் அச்சேவைக்கு வெளியே எளிய வடிவில் காலந்தோறும் எடுத்து வைப்பதும், தான் மூடப்பட நேர்ந்தால் ஸ்தாபன எண்ணையும் ஏட்டையும் எவர் வசம் ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதும் அவசியம். நிரலைச் சில நாட்களில் புதிதாக எழுதிவிடலாம். இன்ன குறி இன்ன ஆவணத்துக்குரியது என்னும் பதிவு அழிந்துபோனால், அதனை மறுபடியும் எழுத எவராலும் இயலாது.